உப்பு உள்ளே போகவில்லை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இயற்பியலில் எம்.ஃபில்., பிஎச்.டி. முடித்தவர்கள் இரண்டு பேர் எங்காவது சந்தித்துக்கொண்டால், "உங்க ஏரியா என்ன?" என்ற கேள்விக்குப் பல நேரம் ஒரே பதில்தான் வரும்: "கிரிஸ்டல் க்ரோத்." படிக வளர்ச்சி. இதற்குக் காரணம் பணம், அதாவது பணமின்மை. வெற்றிட அறை வேண்டாம், திரவ ஹீலியம் வேண்டாம். நாலைந்து பீக்கர், காய்ச்சி வடித்த நீர், ஒரு காந்தக் கலக்கி, வடிதாள், ஒரு பாட்டில் கிளைசின் இருந்தால் ஆராய்ச்சி தொடங்கிவிடும். 1982-ல் பேராசிரியர் பி. ராமசாமியின் முன்னெடுப்பில் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் வந்தது. அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராக ஆசிரியர்களாகப் போனார்கள். அவர்களுடைய மாணவர்கள் அடுத்த ஊருக்குப் போனார்கள். 2005-ல் சங்கரநாராயணன், ராமசாமி இருவர் பெயரிலும் எஸ்.ஆர். முறை என்று ஒரு வளர்ப்பு முறையே உலக அளவில் அறியப்பட்டது. நான் 2008-ல் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது, வேறு ஏரியா இருப்பதாகவே எனக்குத் தெரியாது.

எங்கள் ஆய்வகம் மாடிப்படிக்குக் கீழே இருந்த நீள அறை. மேசை முழுக்க பீக்கர்கள். ஒவ்வொன்றின் வாயிலும் பாலித்தீன் தாளை இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, குண்டூசியால் நாலு துளை. அந்தத் துளை வழியாக நீர் மெல்ல ஆவியாக வேண்டும். துளை கூடினால் அவசரப்பட்டுப் பொடிப்பொடியாக விழும். குறைந்தால் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. கதவை யாரும் அடித்துச் சாத்தக் கூடாது. அந்த ஆண்டுகளின் மின்வெட்டை நினைவு வைத்திருப்பவர்களுக்கு, வெப்பநிலையை நூலிழை மாறாமல் காக்க வேண்டிய நீர்த்தொட்டி என்ன பாடுபட்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மூத்த ஆய்வாளர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. அவருடைய வேலை, கிளைசினோடு பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்து ஒரு புதிய படிகம் வளர்ப்பது. அன்றைக்கு எல்லா ஊரிலும் நடந்தது இதுதான். ஒரு அமினோ அமிலத்தை எடு, ஏதாவது ஓர் உப்பைச் சேர், வரும் படிகத்துக்கு இரண்டு பெயரையும் ஒட்டிப் பெயர் வை, பச்சை வருகிறதா பார்.

பச்சை என்றால் லேசர் பச்சை. நியோடிமியம்-யாக் லேசரின் கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளத்தைச் சில படிகங்கள் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே விடும். படிகத்தைப் பொடித்து லேசரில் காட்டினாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 1968-ல் கர்ட்ஸும் பெர்ரியும் காட்டியிருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: படிகத்தின் உள்ளமைப்பில் சமச்சீர் மையம் இருக்கக் கூடாது. எங்களிடம் லேசர் கிடையாது. பொடியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கூரியரில் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு, "பச்சை வந்துச்சா?" என்று போனில் கேட்டுக்கொண்டிருப்போம். மாப்பிள்ளை வீட்டுப் பதிலுக்குக்கூட அவ்வளவு தவிப்பாகக் காத்திருந்ததில்லை என்பார் அக்கா.

வெறும் கிளைசினை நீரில் கரைத்து வைத்தால் பச்சை வராது. அதில் வருவது ஆல்பா உருவம். கிளைசின் மூலக்கூறு நீரில் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் ஏந்தி நிற்கும். ஆல்பாவில் இவை அடுக்கடுக்காக அமர்ந்து, இரண்டிரண்டு அடுக்கு எதிரும் புதிருமாகப் பிணைந்துகொள்ளும். ஒரு மூலக்கூறு வடக்கே பார்த்தால் அதன் இணை தெற்கே பார்க்கும். கணக்கு நேர், சமச்சீர் மையம் வந்துவிடும். 1939-லேயே ஆல்பிரெக்ட், கோரி என்ற இருவர் இந்த அமைப்பை எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிந்துவிட்டார்கள். அதே கிளைசின் வேறு விதமாக அடுக்கிக்கொள்ளும் காமா உருவத்தை 1950-களில் ஜப்பானியர் ஈடாகா வெளிக்கொணர்ந்தார். அதில் மூலக்கூறுகள் சுருள் ஏணி போல மூன்று மூன்றாகத் திரும்பி, எல்லாமே ஒரே திசை நோக்கி ஏறும். அதனால் காமா படிகத்துக்குத் தலையும் உண்டு, காலும் உண்டு. ஒரு முனை கூம்பாக வளரும், மறுமுனை தட்டையாக நிற்கும். பச்சையும் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அறை வெப்பநிலையில் உறுதியான உருவம் காமாதான். ஆனாலும் நீரிலிருந்து முதலில் வருவது ஆல்பா. உறுதியானது பொறுமையாக வரட்டும், சுலபமானது முந்திக்கொள்ளும் என்று ஆஸ்ட்வால்ட் 1897-ல் சொன்ன விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. மூன்றாவதாக ஒரு பீட்டாவும் உண்டு. நீரில் மெத்தனாலோ எத்தனாலோ கலந்தால் ஊசியாக வந்து, கொஞ்ச நேரத்தில் வேறொன்றாக மாறிவிடும்.

அக்காவின் பீக்கரில் மூன்று நான்கு வாரத்தில் படிகம் வந்தது. ஆல்பாவின் இரட்டைக் கூம்பு வடிவம் இல்லை. ஒரு முனை மட்டும் கூர். பெங்களூரிலிருந்து பச்சை என்று தகவல் வந்ததும் கைடு கேசரி வாங்கிவரச் சொன்னார். ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் அளவீட்டுக்குச் சென்னைக்கு அனுப்பினோம். திரும்பி வந்த தாளில் அலகுக் கூட்டின் அளவுகள்: 7.04, 7.04, 5.48 ஆங்ஸ்ட்ராம். அறுகோண வகை. கிளைசினோடு பழகியவர்களுக்கு இந்த மூன்று எண்களும் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி மனப்பாடம். காமா கிளைசின். பொட்டாசியத்துக்கு அதில் இடமே இல்லை.

கைடு தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா, டைட்டில்ல பொட்டாசியம் குளோரைடு டோப்டு காமா கிளைசின்னு போட்டுரலாம்" என்றார். டோப்டு என்றால் உப்பு படிகத்துக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். அக்கா பதில் சொல்லவில்லை. அன்று மாலை எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "இங்க வா, ஒண்ணு பாப்போம்."

அவர் செய்தது பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் செய்வதுதான். ஒரு படிகத்தை எடுத்துக் குளிர்ந்த நீரில் கழுவி, வடிதாளில் ஒற்றி, மறுபடியும் கழுவினார். பிறகு அதைக் கரைத்து, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, பழுப்புப் பாட்டிலிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினார். குளோரைடு இருந்தால் தயிர் போல வெள்ளையாகத் திரளும். ஒப்பிட்டுப் பார்க்க, பீக்கரில் மிஞ்சிய தாய்க்கரைசலில் கொஞ்சம் இன்னொரு குழாயில் எடுத்து அதிலும் சொட்டினார். தாய்க்கரைசல் குழாய் சட்டென்று வெள்ளையாகக் கெட்டித்தது. படிகக் குழாயில், ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு ஒரு மங்கல், அவ்வளவுதான். அதுவும் கழுவியும் போகாமல் ஒட்டியிருந்த கரைசலாக இருக்கலாம்.

"உப்பு உள்ளயே போகலடி," என்றார் அக்கா. "வெளிய நின்னே காரியத்த முடிச்சிருச்சு."

எனக்கு அன்றிலிருந்து இந்தத் துறையில் பிடித்துப்போன கேள்வி அதுதான். உள்ளே போகாத ஒன்று உள்ளமைப்பை எப்படித் தீர்மானிக்கிறது?

சாதாரணமாகச் சொல்லப்படும் விளக்கம் இது. கரைசலில் பொட்டாசிய அயனி கிளைசினின் எதிர்மின் முனையையும், குளோரைடு அயனி நேர்மின் முனையையும் சூழ்ந்துகொள்கின்றன. ஆல்பாவாக அடுக்க வேண்டுமானால் மூலக்கூறுகள் முனையோடு முனை சேர வேண்டும். இடையில் இந்த அயனிகள் குறுக்கே நிற்பதால் ஆல்பாவின் வேகம் குறைகிறது. காமாவின் தலைப்பக்கமும் கால்பக்கமும் மின்னூட்டத்தோடு வெளியே தெரிவதால், அங்கே அயனிகள் வந்து நிற்பது காமாவுக்கு ஆதரவு. ஆல்பா சுணங்குகிற நேரத்தில் காமா வந்துவிடுகிறது. உப்பே இல்லாமல் அமிலமோ காரமோ சேர்த்தாலும் காமா வருவது பழைய செய்தி. அதற்கு 2004-ல் டவ்லர், டேவி முதலியோர் தந்த விளக்கம் இன்னும் சுவையானது. அமிலத்தில் கிளைசினின் ஒரு பகுதி கூடுதல் புரோட்டானோடு நேர்மின் அயனியாகிறது, காரத்தில் எதிர்மின் அயனியாகிறது. அந்த உருமாறிய கிளைசினே ஆல்பாவின் வளரும் முகத்தில் போய் ஒட்டி, அடுத்த மூலக்கூறு வர விடாமல் தடுக்கிறது. சேர்பொருள் கடையிலிருந்து வர வேண்டியதில்லை. தன் இனத்துக்குள்ளேயே முளைத்துவிடுகிறது.

இந்த விளக்கங்கள் எல்லாமே முடிந்த கதை அல்ல. நீரில் கிளைசின் மூலக்கூறுகள் முன்பே இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கின்றன, அதனால்தான் ஆல்பா வருகிறது என்று பல ஆண்டுகள் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கைடும் அப்படித்தான் பாடம் எடுத்தார். 2008-ல் விஸ்கான்சினிலிருந்து லியன் யூவின் குழு, மீதெவிட்டிய கரைசலிலும் பெரும்பாலும் தனித்தனி மூலக்கூறுகள்தான் இருக்கின்றன என்று அளந்து காட்டியது. கரைசல் உறையும் வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்பதை அளப்பதும் அதில் ஒரு வழி; அதுவும் பள்ளிக்கூடப் பாடம்தான். இணைகள் கரைசலில் தயாராக இல்லை என்றால், எது எதனோடு சேர வேண்டும் என்பது படிகம் பிறக்கும் இடத்தில், அதன் முகத்தில் தீர்மானமாகிறது. சேர்பொருளுக்கு அதிகாரம் கூடுவதும் அங்கேதான்.

அந்த அதிகாரத்தை மிகத் துல்லியமாகப் பயன்படுத்தியவர்கள் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த மெய்ர் லஹாவ், லெஸ்லி லெய்சரோவிட்ஸ் இருவரும் அவர்களோடு இருந்த இசபெல் வெய்ஸ்புக், லியா அடாடி முதலியவர்களும். 2021-ல் அந்த இருவருக்கும் வுல்ஃப் பரிசு கிடைத்தது. அவர்களுடைய 1984-ஆம் ஆண்டு 'நேச்சர்' கட்டுரையின் நகல் ஒன்று அக்காவிடம் வந்து சேர்ந்தது. யாரோ சென்னையில் அச்செடுத்துத் தபாலில் அனுப்பியது, ஓரமெல்லாம் கறுப்பாக.

அந்தக் கட்டுரை சொன்னது இது. கிளைசினுக்கு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்கள் கிடையாது. மற்ற அமினோ அமிலங்களில் பக்கக் கிளை இருக்கும் இடத்தில் கிளைசினில் வெறும் ஹைட்ரஜன். இரண்டு ஹைட்ரஜனும் ஒன்றுபோல. ஆனால் ஆல்பா படிகத்துக்குள் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சமத்துவம் போய்விடும். படிகத்தின் மேல்முகத்தில் ஒரு ஹைட்ரஜன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அடிமுகத்தில் மற்றது. இப்போது லியூசின் போன்ற ஓர் அமினோ அமிலம் வந்து கிளைசினின் இடத்தில் உட்காரப் பார்க்கிறது. இடக்கை வகையின் பக்கக் கிளை ஒரு முகத்தில் வெளியே நீட்டிக்கொள்ள முடியும். எதிர் முகத்தில் அது படிகத்தின் உள்ளேதான் இடிக்கும். ஆகவே இடக்கை வகை ஒரு முகத்தில் மட்டும் ஒட்டும், வலக்கை வகை எதிர் முகத்தில் மட்டும். ஒட்டிய முகம் வளராமல் நிற்கும், விரிந்து அகலமாகும். இரண்டு கையையும் கலந்து போட்டால் இரண்டு முகமும் நின்று, படிகம் வில்லையாகத் தட்டையாகிவிடும்.

உயிரியலில் ஏன் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் இடக்கையாகவே இருக்கின்றன என்ற பெரிய கேள்விக்கு இது ஒரு தொடக்கமாக இருக்கலாமோ என்று அவர்கள் அந்தக் கட்டுரையில் யோசித்திருந்தார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. உயிர்வேதியியல் துறையில் கெஞ்சிக் கொஞ்சம் எல்-லியூசின் வாங்கி வந்தோம். கிளைசினின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் சேர்த்தோம். வெதுவெதுப்பாக வடிகட்டி, மூடாமல் ஓரமாக வைத்துவிட்டுப் போனோம்.

கிளைசின் படிகம் நீரை விட நல்ல கனம். எப்போதும் பீக்கரின் அடியில்தான் கிடக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் கரைசலின் மேல்பரப்பில் மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் விரல்நகத்தின் கால்வாசி, மேல்பக்கம் தட்டையாகப் பளபளவென்று, நீருக்குள் இருந்த அடிப்பக்கம் கூம்பாக. லியூசினுக்கு நீரைப் பிடிக்காத எண்ணெய்த்தனமான பக்கக் கிளை. அது காற்றைப் பார்த்துக்கொண்டு மேல்பரப்பில் வரிசையாக நிற்கும். கிளைசின் அதற்கு அடியில் வந்து பிடித்துக்கொண்டு வளர்ந்ததால், மிதந்த அத்தனைக்கும் ஒரே முகம் மேலே. கண்ணாடிக் கம்பியால் ஒன்றின் ஓரத்தைத் தொட்டதும் அது சாய்ந்து, விளிம்பில் நீர் ஏறி, மெதுவாக அடிக்குப் போனது. அக்கா அன்று முழுக்க ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கைடு வந்து பார்த்துவிட்டு, "இது பேப்பர் ஆகாதேம்மா" என்றார். அது உண்மைதான், இஸ்ரேலில் கால் நூற்றாண்டுக்கு முன்பே பேப்பர் ஆகியிருந்தது.

வைஸ்மன்காரர்கள் அதற்குப் பிறகு உருவத்தையே தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். ஆல்பாவின் வளர்ச்சியை எல்லாப் பக்கமும் அடைத்தால் வேறு வழியில்லாமல் காமா வர வேண்டும். 1994-ல் ஹெக்சாஃப்ளூரோவேலின் என்ற, வேலினின் ஃப்ளூரின் ஏற்றிய உறவை இருகைக் கலவையாகச் சேர்த்து அதைச் செய்தார்கள். ஆல்பா, காமா இரண்டையும் தடுத்து, வெறும் நீரிலேயே பீட்டாவை வரவழைத்தது 2005-ல். எந்த உருவம் வர வேண்டும் என்று சொல்வதற்குப் பதில், எவை வரக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வேண்டியதைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

சேர்பொருள் எப்போதும் வெளியேதான் நிற்கும் என்றில்லை. டிரைகிளைசின் சல்ஃபேட் என்று ஒன்று, 1956-ல் மத்தியாஸும் கூட்டாளிகளும் அதன் ஃபெர்ரோமின் குணத்தை, அதாவது வெளி மின்புலம் இல்லாமலே ஒரு மின்முனைவு நிற்கும் குணத்தைக் கண்டார்கள். அதில் ஒரு தொல்லை, சூடுபடுத்திக் குளிர்வித்தால் மின்முனைவு திசை மறந்துவிடும். எல்-அலனின் சிறிதளவு சேர்த்து வளர்த்தால், அது கிளைசினின் இடத்திலேயே போய் உட்கார்ந்து, திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு, படிகம் முழுவதையும் ஒரே திசையில் பிடித்து வைக்கும். 1971-ல் இது தெரியவந்தது. எங்கள் படிகங்களை அகச்சிவப்பு நிறமாலை எடுக்க எஃப்.டி.ஐ.ஆர். கருவி உள்ள பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போவோம். இப்படிப்பட்ட கருவிகள் பலவற்றின் உணரி, டியூட்டிரியம் ஏற்றிய, அலனின் சேர்த்த இந்த டிரைகிளைசின் சல்ஃபேட்தான். கிளைசினைப் பார்ப்பதற்குக் கருவிக்குள் இருக்கும் கண்ணும் கிளைசின். வரிசையில் காத்திருந்தபோது கருவியின் கையேட்டைப் புரட்டி இதைக் கண்டுபிடித்தவர் அக்காதான்.

2010-ல் வியன்னாவின் மிஷேல் ஃப்ளெக்கும் யெரெவானின் பெட்ரோசியனும் 'ஜர்னல் ஆஃப் கிரிஸ்டல் க்ரோத்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புதிய அமினோ அமிலப் படிகம் என்று வெளியானவற்றில் பல, சொல்லப்பட்ட பொருளே அல்ல என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியிருந்தார்கள். கோவா பல்கலைக்கழகத்தின் பி.ஆர். ஸ்ரீனிவாசனும் இதே வேலையைச் சலிக்காமல் செய்துவந்தார். உப்பின் பெயரையும் கிளைசினின் பெயரையும் ஒட்டி வெளியானவற்றில் சில, வெறும் காமா கிளைசின்தான். எங்கள் வட்டாரத்தில் இதைப் படித்தவர்கள் சிலருக்குக் கோபம், சிலருக்கு அவமானம். கூட்டங்களில் தேநீர் இடைவேளையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

விமர்சகர்கள் சொன்னது சரி. அலகுக் கூட்டின் மூன்று எண்களைப் பார்த்தாலே தெரியக்கூடியதைப் பார்க்காமல் விட்டதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இன்றும் வருத்தம் தருவது வேறு. இத்தனை ஊர்களில், இத்தனை பீக்கர்களில், இத்தனை விதமான உப்பைப் போட்டுப் பார்த்த ஒரு பெரிய பரிசோதனை அறியாமலே நடந்திருக்கிறது. எந்த உப்பில் காமா வந்தது, எந்த அளவில் வந்தது, எதில் ஆல்பாவே வந்தது என்று யாராவது ஒரே அட்டவணையில் போட்டிருந்தால், உப்பு வெளியே நின்று என்ன செய்கிறது என்பதற்கு நல்ல தடயம் கிடைத்திருக்கும். வராத புதுப் பொருளைத் தேடியதில், வந்த காமாவைத் தோல்வி என்று குப்பையில் கொட்டியவர்களையும் எனக்குத் தெரியும். அக்கா தன் ஆய்வேட்டில் கடைசி வரை 'டோப்டு' என்ற சொல்லைப் போடவில்லை. 'பொட்டாசியம் குளோரைடு முன்னிலையில்' என்றே எழுதினார். கைடு ஒரு வாரம் பேசவில்லை, பிறகு கையெழுத்துப் போட்டார்.

பீட்டாவை மட்டும் எங்களால் பிடித்து வைக்க முடியவில்லை. மெத்தனால் சேர்த்ததும் பீக்கருக்குள் மெல்லிய ஊசிகள் கண்ணெதிரே வரும். வடிகட்டி வெளியே எடுத்தால் எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்கே வெளுத்துப் பொடியாகும். சென்னைக்குப் போய்ச் சேரும்போது எக்ஸ்-கதிர் அதை ஆல்பா என்றே சொல்லும். 2018-ல் அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகக் குழு, அழுத்தினால் மின்சாரம் தரும் குணம் இந்த பீட்டாவில் ஒரு திசையில் 178 பிக்கோமீட்டர்/வோல்ட் வரை இருப்பதாக 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் எழுதியது. 2021-ல் விஸ்கான்சினின் இன்னொரு குழு வேறு வழியில் போனது. கிளைசினைப் பாலிவினைல் ஆல்கஹால் (பி.வி.ஏ.) என்ற பாலிமரோடு சேர்த்துக் காயவிட்டால், பாலிமர் மேலும் கீழும் படலமாக ஒதுங்கி, நடுவில் காமா கிளைசின் ஒரே திசை பார்த்து அடுக்கிக்கொள்கிறது. பாலிமரின் ஹைட்ராக்சில் குழுக்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் கிளைசினைப் பிடித்து நிறுத்துகின்றன. வளைக்கக்கூடிய, அழுத்தினால் மின்சாரம் தரும் படலம். உடலுக்குள் வைத்தால் வேலை முடிந்ததும் கரைந்துபோகும்.

அந்தக் கட்டுரையை அக்காவுக்கும் கைடுக்கும் சேர்த்தே வாட்ஸாப்பில் அனுப்பினேன். அக்கா மூன்று வரி எழுதினார், எல்லாம் பாலிமரின் செறிவு பற்றிய கேள்விகள். கைடு இப்போது ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறார். அவரிடமிருந்து இரவு வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: "நல்லா இருக்கும்மா. ஆனா டைட்டில்ல பி.வி.ஏ. டோப்டுன்னு போட்டிருக்கலாம்."